முயல் படம் போட்ட டப்பா

6.3.2006, திங்கள்

காலையிலேயே வெயில். மரக்காணத்திலிருந்து கீழ்புத்துப்பட்டு வரை பஸ்ஸில் நின்றபடியே. கிரீம் கம்பெனிக்குப் புது லேபிள் வந்திருக்கிறது. முயல் படம், கீழே 'எந்த மிருகத்தின் மேலும் சோதிக்கப்படாதது'. நாள் முழுக்க ஒட்டினேன். விரலெல்லாம் பசை.

முதலாளி மேடம் எல்லோரையும் கூப்பிட்டு விளக்கினார். சில கம்பெனிகளில் முயலைக் கட்டிப்போட்டு, கண்ணில் கிரீமை விட்டு, புண்ணாகிறதா என்று பார்ப்பார்களாம். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. நடிப்பில்லை. பால், தேன் கூடத் தொடாதவர். எனக்கும் மத்தியானம் சோறு இறங்கவில்லை.

கிளம்பும்போது, "கலா, உங்க ஊர்ல உப்பளத்துல வேலை செய்ற லேடீஸ் யாராவது இருக்காங்களா? பாதவெடிப்பு கிரீம் போட்டுப் பாக்கணும். பத்து நாள் போதும்."

"எங்க அக்காவே இருக்காங்க மேடம்."

சொன்னபோது பெருமையாக இருந்தது.

9.3, வியாழன்

நேற்று திடீர் மழை. உப்பளப் பாத்தியில் விளைந்த உப்பெல்லாம் கரைந்துவிட்டது. அக்காவுக்குப் பத்து நாள் வேலையில்லை. கிரீம் போட நல்ல சமயம்.

மேடம் வந்து அக்காவின் கால்களைப் போட்டோ எடுத்து, ஒரு டப்பா கொடுத்தார். எனக்கென்று தனியாகக் கொடுத்த டப்பாவையும் அக்காவுக்கே தந்துவிட்டேன். பதினாலு வருஷம் உப்புத் தண்ணீரில் நின்ற கால். குதிகால் வெடிப்பில் தீக்குச்சியைச் செருகலாம்.

"எனக்கு எதுக்குடி இதெல்லாம்."

பூசிக்கொண்டாள்.

வாங்க வேண்டியது: ரீஃபில், ஊக்கு, சீயக்காய்.

17.3, வெள்ளி

நல்ல கிரீம். பொய் சொல்லக் கூடாது. வெடிப்பே இல்லை, குதிகால் மெத்தென்று இருக்கிறது. அக்கா கல்யாணக் கொலுசைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டாள். கடைக்குப் போகும்போது புடவையைக் கொஞ்சம் தூக்கியே நடந்தாள். சிரிப்பாக வந்தது.

மேடம் மறுபடியும் போட்டோ. அவருக்கும் சந்தோஷம்.

20.3, திங்கள்

இன்று உப்பு வாரப் போனவள் மத்தியானமே திரும்பிவிட்டாள். பாதம் முழுக்கத் தோல் உரிந்து சிவப்பு. உப்புக் கல் கிழித்த இடமெல்லாம் தண்ணீர் ஏறி எரிச்சல். செருப்புப் போட்டும் இறங்க முடியாது. பாத்தித் தரை கெட்டுப்போகும்.

கூட வேலை செய்யும் பச்சையம்மாதான் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தது. என்னைப் பார்த்து, "தோலுதான்டி நமக்கு செருப்பு. அத எவளாவது கழட்டி வைப்பாளா?"

மேஸ்திரி சொன்னாராம், "கால் ஆறட்டும்மா. அதுவரைக்கும் வேற ஆள் போட்டுக்கறேன்." வந்த ஆள் பிறகு எழுந்து போவாளா?

இரண்டு டப்பா. அதில் ஒன்று என் பங்கு. இது ஏன் எனக்குத் தோன்றவில்லை? நானும் மூன்று வருஷம் அதே பாத்தியில் நின்றவள்தானே.

22.3, புதன்

மேடத்திடம் சொன்னேன். முகம் வாடிப்போனது. பிறகு கேட்டார்:

"கிரீம் போட்டப்ப அரிப்பு, எரிச்சல் எதுவும் இல்லையே?"

"இல்ல மேடம். உப்புல இறங்கினப்புறம்தான்."

"அப்ப கிரீம்ல பிரச்சனை இல்ல. கொஞ்ச நாள் உப்புல இறங்க வேணாம்னு சொல்லுங்களேன்."

நோட்டில் 'மென்மையாகிறது, அலர்ஜி இல்லை' என்று எழுதிக்கொண்டார். எனக்கு வந்த கோபத்துக்குப் பசை டின்னைக் கவிழ்த்திருக்க வேண்டும். மூடி போட்டு வைத்துவிட்டு வந்தேன்.

2.4, ஞாயிறு

வேலை போயே போச்சு. அந்த இடத்துக்கு எக்கியார்குப்பத்துப் பெண் ஒருத்தி நிரந்தரமாக.

புது டப்பா ஒன்றைக் கொண்டுவந்து காட்டினேன். ஒரு பக்கம் அக்காவின் கால், முன்னும் பின்னும். மறு பக்கம் முயல். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்னாடி எழுதியிருக்குது?"

படித்துச் சொன்னேன்.

"முயலாச்சும் நல்லா இருக்கட்டும்."

டப்பாவை வைத்துவிட்டு, வெறுங்காலோடு மத்தியான வெயிலில் தார் ரோட்டுக்குப் போனாள். புண் இன்னும் முழுசாக ஆறவில்லை. அடுத்த வருஷம் உப்பளத்தில் ஆள் எடுப்பதற்குள் தோல் தடிக்க வேண்டுமாம். வாசலில் அவள் செருப்பு. நாளைக்கு எனக்கு ஐந்நூறு லேபிள்.