லீவரைத் தள்ளிய கை

ஜூலை 13, ஞாயிறு

இன்று ஆராதனையில் என் மனைவி ஸ்டெல்லா இல்லாமல் முதல்முறையாக வாசித்தேன்.

பெடல் ஸ்டீல் கிடாரின் அடியில் தொங்கும் லீவரை முழங்காலால் தள்ளினால்தான் தந்தியின் சுரம் அரைப்படி இறங்கும். ஆபரேஷனுக்குப் பிறகு என் இடது முழங்கால் பக்கவாட்டில் அசைவதில்லை. அதனால் அந்த வேலையை அவள் எடுத்துக்கொண்டாள். பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, இடம் வந்ததும் கையாலேயே தள்ளுவாள். எப்போதும் துளி முந்திவிடுவாள். "அவசரப்படாத" என்பேன். "நீங்க மறந்துடுவீங்க" என்பாள்.

அவள் இறந்துபோன பிறகு தனியாகப் பழகினேன். தந்தியின் மேல் நகர்த்தும் எஃகு உருளையைச் சற்றுச் சாய்த்துப் பிடித்தால் லீவர் இல்லாமலேயே அந்தச் சுரம் கிடைக்கிறது. இன்று பிசகவே இல்லை. தாளத்தில் சரியாக விழுந்தது.

பாடகர் குழுதான் அந்த இடத்தில் தடுமாறியது. முடிந்ததும் குழுவை நடத்தும் ஜான்சன் வந்தான்.

"என்ன அண்ணா, அந்த இடத்துல லேட் ஆய்ட்டீங்க?"

"லேட் இல்ல தம்பி. அதான் கரெக்ட்."

தலையாட்டினான். "ஹவ் அண்ணா, சரிதான். ஆனா எங்களுக்கு அக்கா குடுக்கிறதுதான் பழக்கம்."

லாலாகுடா வீட்டுக்கு வந்ததும் கிடாரைப் பெட்டியிலிருந்து எடுத்து வைத்து, துளி முந்திச் சாய்த்துப் பார்த்தேன். திரும்பத் திரும்பப் பார்த்தேன். கை தாளத்துக்குத்தான் போகிறது. இத்தனை வருஷம் நான் திருத்தப் பார்த்த அவளுடைய தப்பு, எனக்கு வரமாட்டேன் என்கிறது.