நடுவில் வந்து உட்காரும் ‘டு’

பிப்ரவரி 2, திங்கள்

எங்கள் ஹோட்டல் லாண்டரியின் சூப்பர்வைசர் அக்கா மாதக் கடைசியோடு வேலையை விடுகிறார். அந்த இடத்துக்கு எங்களில் ஒருவரையே எடுப்பார்களாம். நேர்காணல் இங்கிலீஷில். “யாருக்கு விருப்பம்?” என்று மேனேஜர் அம்மா கேட்டதுதான் தாமதம், என் கை மேலே போய்விட்டது. யாரைக் கேட்டுப் போனாய் என்று அந்தக் கையைத்தான் விசாரிக்க வேண்டும்.

துவைப்பது, தேய்ப்பது, மடிப்பது எல்லாம் கண்ணைக் கட்டிவிட்டாலும் செய்வேன். நாலு வார்த்தை இங்கிலீஷ் பேசு என்றால்தான் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனால் அந்த வேலை எனக்கு வேண்டும். ரொம்பவே வேண்டும். எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது, இருக்கட்டும்.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். டைல்ஸ் கடையில் நாள் முழுக்கப் பேசியே விற்கிறவர். “நான் இருக்கேன்ல, நீ ஏன் கவலைப்படறே?” என்றார். நேர்காணலிலுமா?

பிப்ரவரி 4, புதன்

நான் போகும் மாலை இங்கிலீஷ் வகுப்பில் டீச்சர் ஐந்து சொற்களை எழுதிப் போட்டார். லெட், மேக், ஹெல்ப், சீ, ஹியர். விடுவது, செய்ய வைப்பது, உதவுவது, பார்ப்பது, கேட்பது. சொல்லுக்குப் பின்னால் ஆள், ஆளுக்குப் பின்னால் அவர் செய்யும் காரியம், அவ்வளவுதான். லெட் மீ கோ, என்னைப் போக விடு.

“நடுவுல ‘டு’ வந்து உக்காரக் கூடாது. ஹெல்ப் மட்டும் பரவாயில்லைன்னு இடம் கொடுக்கும், மத்ததெல்லாம் கொடுக்காது” என்றார். நான் ‘லெட் மீ டு கோ’ என்று எல்லா வாக்கியத்திலும் ‘டு’வை வா வா என்று கூப்பிட்டு உட்கார வைத்தேன். வகுப்பே சிரித்தது. நானும்தான்.

வீட்டுப்பாடம், சொல்லுக்கு ஒரு வாக்கியம். இந்த டீச்சரிடம் ஒரு கண்டிப்பு உண்டு, எழுதுவது நிஜமாக நடந்ததாக இருக்க வேண்டும். “புத்தகத்துல இருக்கறவங்க கதை எனக்கு வேணாம். உங்க வீட்டுக் கதை வேணும்.”

பிப்ரவரி 5

மேக்குக்கு வாக்கியம் கொட்டுகிறது. மை ஹஸ்பெண்ட் மேக்ஸ் மீ வெயிட். மை ஹஸ்பெண்ட் மேக்ஸ் மீ லாஃப் — இதுவும் உண்மைதான், இல்லையென்றால் எப்போதோ பெட்டியைக் கட்டியிருப்பேன். ஹியருக்கு: ஐ ஹியர் ஹிம் ஸ்நோர். அந்தக் குறட்டைக்கு அக்கம்பக்கமே சாட்சி.

லெட்டுக்குத்தான் ஒன்றும் கிடைக்கவில்லை. மை ஹஸ்பெண்ட் லெட்ஸ் மீ... என்ன? யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். “என்ன முழிக்கறே? குடு, நான் எழுதறேன்” என்று பேனாவை வாங்கிக்கொண்டார்.

பிப்ரவரி 9, திங்கள்

போன மாதம் லாண்டரியில் சேர்ந்த டிரைவர் அண்ணனுக்கு என்னைவிட வயது அதிகம். முதுகுவலியால் லாரியை விட்டுவிட்டு இங்கே வந்தவர். நாலு மூலையிலும் எலாஸ்டிக் வைத்த மெத்தை விரிப்பு அவருக்குச் சிம்மசொப்பனம். “லாரியையே சந்துக்குள்ள ரிவர்ஸ் எடுத்தவன்மா நான். இது அடங்க மாட்டேங்குது” என்று புலம்பினார். “குடுங்கண்ணே” என்று வாங்கி நானே மடித்து வைத்தேன். தினமும் இதே கூத்துதான். நல்ல மனுஷர், பாவம்.

ஹெல்ப்புக்கு வாக்கியம் கிடைத்துவிட்டது. ஐ ஹெல்ப் ஹிம் ஃபோல்ட்.

பிப்ரவரி 13

கோபம் கோபமா வருது. பல்வலி என்று டாக்டரிடம் போனேன். “எந்தப் பல்லும்மா?” என்றார் அவர். நான் வாயைத் திறந்தேன். “இடது பக்கம் கீழ, டாக்டர். மூணு நாளா தூங்கல” — இது என் வீட்டுக்காரர். வலி வலது பக்கம்! வாய் என்னோடது, பல் என்னோடது, வலியும் என்னோடது. பதில் மட்டும் இவரோடதா? டாக்டர் இடது பக்கத்தைத் தட்டித் தட்டிப் பார்க்க, நான் கையை ஆட்டி ஆட்டி ஒரு நாடகமே நடத்திவிட்டேன்.

வெளியே வந்து தெருவிலேயே சண்டை பிடித்தேன். “உனக்கு உதவி பண்ணினது ஒரு குத்தமா?” என்கிறார். ‘டு’ என்று அவருக்குப் பெயர் வைத்துவிட்டேன். ஏன் என்று கேட்டார். சொல்லவில்லை.

பிப்ரவரி 17

நாளைக்கு நேர்காணல். வீட்டுப்பாட வாக்கியங்களைச் சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பிப்ரவரி 18, புதன்

இவரை வர வேண்டாம் என்றேன், லீவு போட்டுவிட்டு வந்தார். கீழே வரவேற்பறை சோபாவோடு நிறுத்திவிட்டேன்.

மேனேஜர் அம்மா பெயர், வேலை என்று நாலு கேள்வி கேட்டார். தட்டுத்தடுமாறிச் சொன்னேன். பிறகு டிரைவர் அண்ணனை உள்ளே கூப்பிட்டு, மேஜைமேல் ஒரு எலாஸ்டிக் விரிப்பை வைத்தார். அண்ணனை மடிக்க வைக்க வேண்டும். இங்கிலீஷில் சொல்ல வேண்டும். நான் தொடக் கூடாது.

அண்ணன் மூலையைத் தேடித் தடவ ஆரம்பித்ததும் என்ன ஆனதோ, பார்த்தால் விரிப்பு என் கையில்! அரை மடிப்பே முடித்திருக்கிறேன். மேனேஜர் அம்மா என் கைகளையே பார்த்தார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

அப்போது அண்ணன் தாழ்ந்த குரலில் சொன்னார்: “சேர்ந்த நாள்லேர்ந்து ஒண்ணையாவது என்னை முழுசா மடிக்க விட்டிருக்கீங்களாம்மா?”

சுருக்கென்றது. பல் டாக்டரின் நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது. அடிப்பாவி, நானும் ‘டு’தானா?

விரிப்பை உதறி அண்ணனிடமே கொடுத்தேன். “சாரி, மேடம். ஐ நெவர் லெட் ஹிம் ஃபோல்ட். லெட் மீ ட்ரை அகெய்ன்” என்றேன். எங்கிருந்து வந்தது அத்தனை இங்கிலீஷ்! கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். ஒரு மூலைக்குள் கையை விடுங்கள், இன்னொரு மூலையை அதன்மேல் கவிழுங்கள் என்று இங்கிலீஷிலேயே துண்டு துண்டாகச் சொன்னேன். அண்ணன் புரியாமல் விழித்த இடத்தில் முகத்தால் நடித்துக் காட்டினேன். என் விரல்கள் துடித்த துடிப்பு எனக்குத்தான் தெரியும். கடைசியில் ஒரு சதுரம் வந்தது, கோணல்மாணலாக. அண்ணன் அதைத் தூக்கிக் காட்டிச் சிரித்தாரே ஒரு சிரிப்பு!

வரும் வழியில் இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“என்னைத்தானே குத்திக் காட்டறே?”

“இல்லப்பா. என்னைத்தான் சொல்றேன்.”

வீடு வரை பேசாமல் நடந்தார். இவர் இவ்வளவு நேரம் வாயை மூடி நான் பார்த்ததே இல்லை.

பிப்ரவரி 22, ஞாயிறு

போன் அடித்தது. வழக்கம்போல் இவர்தான் பாய்ந்து எடுத்தார். மேனேஜர் அம்மா! எனக்கு அந்த வேலையில் சேரச் சம்மதமா என்று கேட்கிறார், பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது. இவர் வாய் திறந்தது. மூடியது. முகம் சிவந்தது, தும்மலை அடக்குகிற மாதிரி.

“ஒரு நிமிஷம்மா. அவகிட்டயே கேளுங்க” என்று போனை என்னிடம் நீட்டினார்.

“யெஸ், மேடம்” என்றேன். என்னையறியாமல் அழுதுவிட்டேன். நான் பேசி முடிக்கும்வரை இவர் தண்ணீர்ச் சொம்பை வாயிலேயே கவிழ்த்து வைத்துக்கொண்டு நின்றார். பேச்சு தப்பி வந்துவிடக் கூடாதாம்!

மார்ச் 2, திங்கள்

சாவிக்கொத்து இடுப்பில். முதல் நாள். காலையில் அலமாரியைத் திறந்தால் அண்ணன் மடித்த விரிப்பு ஒன்று, எலாஸ்டிக் வெளியே தொங்க. கை போனது. திருப்பிக் கூப்பிட்டுக்கொண்டேன். “அண்ணே, அந்த மூலையைக் கொஞ்சம் பாருங்க.” அவரே பிரித்து, அவரே மடித்தார்.

சாயங்காலம் மிச்சமிருந்த வீட்டுப்பாடத்தை எழுதினேன். மை ஹஸ்பெண்ட் லெட் மீ ஆன்சர். ஹெல்ப் வாக்கியத்தை அடித்துவிட்டு, ஐ லெட் ஹிம் ஃபோல்ட் என்று எழுதினேன். இவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு, “ஒரே ஒரு சந்தேகம், கேக்கலாமா?” என்றார். இவர் அனுமதி கேட்பதே அதிசயம், கேளுங்கள் என்றேன்.

காலையில் அண்ணன் போட்ட இரண்டாவது மடிப்பும் கொஞ்சம் கோணல்தான். அப்படியே அடுக்கிவிட்டு வந்தேன்.