தண்ணீருக்கு ஒரே குணம்

அப்பா,

இன்று மதியம் பத்து காவானில் எங்கள் தொழிற்சாலைக் கேன்டீனில், எதிரே உட்கார்ந்திருந்த தோழி தக்காளிச் சாஸ் போத்தலைக் கவிழ்த்துப் பிடித்து அடியில் தட்டிக்கொண்டே இருந்தாள். முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு பாதிப் போத்தல் அப்படியே மீ கோரெங் நூடுல்ஸ் மேல் விழுந்தது. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நீங்கள் போனதிலிருந்து இப்படித்தான். துக்கம் எந்த மூலையிலிருந்து வந்து பிடிக்கும் என்று தெரிவதில்லை.

பக்கவாதத்துக்குப் பிறகு உங்களை ஆயர் ஈத்தாம் வீட்டுக்குக் கூட்டி வந்தபோது, ஆஸ்பத்திரியில் விழுங்கும் பயிற்சி கொடுத்த பெண் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னாள். வெறும் தண்ணீர் கூடாது. அது ஓடுகிற வேகத்துக்கு உங்கள் தொண்டை மூடிக்கொள்ளாது, நுரையீரலுக்குள் போய்விடும். எதைக் குடித்தாலும் அந்த வெள்ளைத் தூளைக் கலந்து கெட்டியாக்கித் தர வேண்டும்.

முதல் வாய் குடித்துவிட்டு, கோணிய வாயோடு என்னைப் பார்த்தீர்கள். "என்னாம்மா இது? குடிக்கவா, போஸ்டர் ஒட்டவா?"

பசைத் தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் மகளிடம் கேட்ட கேள்வி! உங்களுக்கு எதற்கும் காரணம் சொன்னால்தான் பாதிச் சண்டையாவது குறையும். சொன்னேன். தண்ணீருக்கு ஒரே குணம். தட்டினாலும் கலக்கினாலும் அது ஓடும் விதம் மாறாது. சமையல் எண்ணெயும் அப்படித்தான், கொஞ்சம் கெட்டி, அவ்வளவுதான். சாஸ், பற்பசை, சுவருக்கு அடிக்கும் சாயம் எல்லாம் வேறு ரகம். சும்மா இருந்தால் கெட்டி, கலக்கினால் இளகிவிடும். உங்கள் தூளும் அந்த ரகம். சோளமாவைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்தால் அதற்கு நேர்மாறு. குத்தினால் இறுகும், மெதுவாக விரலை விட்டால் வழிவிடும்.

"அப்போ உங்கம்மா சோளமாவு," என்றீர்கள்.

"காது கேக்குதுலா!" குசினியிலிருந்து அம்மா. "நீங்க மட்டும் என்னா? தண்ணி. கல்யாணம் ஆனதிலேர்ந்து எப்படித் தட்டினாலும் மாறல."

நுரை இல்லாத தேத்தண்ணியை நீங்கள் தொடவே மாட்டீர்கள். அதனால் அம்மா, தூள் கலந்த தேத்தண்ணியையும் வழக்கம்போல இரண்டு குவளைக்கு நடுவே இழுத்து ஆற்றினாள். இழுக்க இழுக்க அது இளகித் தண்ணீர் மாதிரி விழுந்தது. பத்தவில்லையோ என்று பயந்து இன்னொரு கரண்டி தூள் போட்டாள். உங்கள் கட்டிலுக்கு வந்து கொஞ்ச நேரம் ஆனதும் குவளைக்குள் கரண்டி நட்டுவைத்ததுபோல் நின்றது. நீங்கள் கரண்டியைப் பார்த்தீர்கள், அம்மாவைப் பார்த்தீர்கள். "கத்தி இருந்தா கொண்டா. வெட்டித் திங்கிறேன்."

அப்படிச் சிரித்தோம். சிரிக்கும்போதும் என் கண் உங்கள் தொண்டையில்தான் இருந்தது.

பிறகு சிரிப்பு குறைந்தது. எதைக் கலந்து கொடுத்தாலும் ஒதுக்கினீர்கள். வேலை முடிந்து நான் கடல் பாலம் தாண்டி வீட்டுக்கு வந்து பார்த்தால், காலையில் கலந்தது அப்படியே இருக்கும். உதடு வெடித்திருக்கும். தூள் போட்டால் நீங்கள் குடிப்பதில்லை. போடாமல் தர எனக்குத் தைரியம் இல்லை.

"பச்சத்தண்ணி கொடும்மா."

"முடியாதுப்பா."

தினமும் இதே பேச்சு. இரண்டு பேருக்கும் அலுத்துப்போனது.

கடைசியில் டாக்டர் என்னையும் அம்மாவையும் வெளியே அழைத்து, இனி அவர் கேட்பதைக் கொடுங்கள் என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று நாங்கள் கேட்கவில்லை. நீங்கள் கேட்டதோ தண்ணீர் ஒன்றுதான். தலையணையை உயர்த்தி, தேக்கரண்டியில் பாதி கொடுத்தேன். இருமினீர்கள். கையை இழுத்துக்கொண்டேன்.

"இன்னும்," என்றீர்கள்.

கொடுத்தேன். மறுபடியும் இருமல். அது அடங்கியதும் கண்ணை மூடிக்கொண்டு, "இது தண்ணி," என்றீர்கள். அவ்வளவு நிம்மதியாக நீங்கள் எதையும் சொல்லி நான் கேட்டதில்லை.

இப்போதும் தினமும் பசையைக் கலக்கி, எந்த வேகத்தில் எவ்வளவு இளகுகிறது என்று அளக்கிறேன். அது கை செய்கிற வேலை. என்னோடு வீடுவரை வருவது வேறு. பக்கத்தில் யாராவது தண்ணீர் குடித்தால் என் பேச்சு பாதியில் நின்றுவிடுகிறது. அவர்கள் விழுங்கி, இருமாமல், அடுத்த வார்த்தை பேசும்வரை நான் மூச்சு விடுவதில்லை, அப்பா.