அக்கரையிலிருந்து பதினொரு ஆட்டம்

வைத்தியரின் பலத்தைப் பாதியாக வெட்டிவிட்டார்கள், நானா. இது அநியாயம். இரண்டாம் தடவையாகச் செய்யப்பட்ட அநியாயம். முதல் தடவை வெட்டியது என் கை.

நேற்றுப் பின்னேரம் கைபேசிக்கு அந்த அறிவித்தல் வந்தது. திருகோணமலை நகரத்து இளைஞர்கள் மாவட்டம் முழுவதற்குமாக ஒன்லைன் விளையாட்டுப் போட்டி நடத்துகிறார்கள். நாம் ஆடியதைப் போன்றதுதான். பக்கத்துக்கு ஐந்து பேர். ஒவ்வொருவரும் மூன்று பாத்திரங்களில் ஒன்றை எடுக்க வேண்டும். வாள்வீரர் வெட்டுவார், வில்லாளி தூரத்திலிருந்து எய்வார், வைத்தியர் காயங்களை ஆற்றிக்கொண்டிருப்பார். அறிவித்தலின் கடைசி வரியில், வைத்தியர் ஆற்றும் அளவு நாற்பதிலிருந்து இருபதாகக் குறைக்கப்படுகிறது என்று இருந்தது. அதே நாற்பது, அதே இருபது. அலுமாரியைத் திறந்து, விதி எண்களை எழுதி வைத்திருந்த நம் பழைய கொப்பியை எடுத்தேன். உங்கள் தேத்தண்ணிக் கோப்பை பதிந்த வட்டம் அட்டையில் இன்னும் இருக்கிறது.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு ரேடியோ திருத்திப் பிழைத்தவன். கொம்பியூட்டரையும் எவரிடமும் படிக்கவில்லை. கழற்றிப் பூட்டி, அகராதியைப் பக்கத்தில் வைத்துக் கைந்நூல்களை வாசித்து, நானாகவே பிடித்தேன். அதனால் என் கணக்கு பிழை என்று யார் சொன்னாலும் எனக்குப் பொறுக்காது. யுத்த காலத்தில் துறைமுகப் பக்கத்து என் கடையில்தான் சேர்வர் ஓடியது. குடாவுக்கு அக்கரையில், கிண்ணியாவில், அண்ணன் முறையில் நான் நானா என்றழைத்த உங்களுடைய டெலிபோன் கொமினிகேஷன் கடை. ஊரடங்கு இல்லாத ஞாயிற்றுக்கிழமை காலைகளில் இரண்டு கரையும் டெலிபோன் லைன் வழியாக மோதும். கடலுக்குப் போகத் தடை, வீதியில் சோதனை, போக்குவரத்தெல்லாம் பயத்தோடுதான். வாரத்தில் அந்த இரண்டு மணித்தியாலம் மட்டும் அக்கரை ஆட்களோடு வாய் நிறையச் சண்டை பிடிக்கலாம்.

உங்கள் பக்கத்து ஐந்து பேரும் வைத்தியரையே எடுத்தீர்கள். நாங்கள் வெட்ட வெட்ட, ஒருவரை ஒருவர் ஆற்றிக்கொண்டு நேரம் முடியும்வரை நடு மேட்டை விடாமல் நின்று, மேட்டைப் பிடித்தவருக்கே வெற்றி என்ற விதியால் மூன்று ஞாயிறு தொடர்ந்து வென்றீர்கள். "இது சண்டையோ, ஆஸ்பத்திரியோ?" என்று எங்கள் பக்கத்தில் கத்தினார்கள். எண்களை மாற்றும் அதிகாரம் என்னிடம் இருந்தது. உங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நாற்பதை இருபதாக்கினேன். அடுத்த ஞாயிறு நீங்கள் ஐந்து பேரும் நாலு நிமிடத்தில் விழுந்தீர்கள். உடனே போன் அடித்தது.

"தம்பி, இனி நாங்க வரல்ல. மத்தவங்க ஏலாது எண்டுட்டாங்க."

"தோத்த உடன கோவிக்கிறதே நானா? என்ர கணக்குச் சரி."

"அந்தக் கணக்கையும் கொண்டு ஒருக்கா இஞ்சால வாங்க. என்ட கதிரையில குந்தி, வாளை எடுத்து ஆடிக் காட்டுங்க. நீங்க வெண்டா நான் வாயைத் திறக்க மாட்டன்."

உங்களைப் பிழையாக்கிக் காட்டத்தான் புறப்பட்டேன். நாம் 'பாதை' என்று சொல்லும் அந்த இரும்பு மிதவையில் ஏறுமுன், காவலரணில் ஒரு சிப்பாய் என் கொப்பியை விரித்தான். பக்கம் பக்கமாக எண்கள். அந்த நாட்களில் இரகசியக் குறியீடு என்று சந்தேகிக்கக்கூடிய கொப்பியோடு பிடிபடுவது சின்ன விஷயமில்லை.

"என்ன நம்பர் இது?"

"கேம், சேர். கொம்பியூட்டர் கேம்."

நரைக்கத் தொடங்கிய என் தலையையும் கொப்பியையும் மாறி மாறிப் பார்த்தான். "இந்த வயசில கேம்?" என்று சிரித்துக்கொண்டே திருப்பித் தந்தான். பாதை நடுக்குடாவைத் தாண்டும்வரை கொப்பியைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு நின்றேன்.

உங்கள் கதிரையில் இருந்தேன். எங்கள் ஆட்கள் என் கடையில் தயாராக இருந்தார்கள். பொத்தானை அழுத்தினேன், வாள் அசையவில்லை. ஒன்று, இரண்டு என்று எண்ணி முடிந்த பிறகுதான் ஓங்கியது. அதற்குள் நான் தரையில்.

"தேத்தண்ணி இன்னும் ஆறல்ல, நீங்க மௌத்து" என்றீர்கள்.

"மவுஸ் பிழை."

"மாத்தித் தாறன்." மாற்றியும் தந்தீர்கள். மறுபடி செத்தேன். அடுத்து கதிரை உயரம் காணாது என்றேன், வெளிச்சம் கண்ணில் அடிக்கிறது என்றேன். நீங்கள் யன்னலைச் சாத்தினீர்கள். பதினொரு தடவை செத்தேன். கடைசியில் வைத்தியரை எடுத்துப் பார்த்தேன். ஒரு தடவை அழுத்தினால் பத்து விநாடிக்கு ஆற்றிக்கொண்டே இருந்தது. அழுத்தியது உங்கள் லைன் வழியாக என் சேர்வருக்கு இரண்டு விநாடி பிந்திப் போனாலும் பாதகமில்லை. உங்கள் லைனில் உயிரோடு நிற்கக்கூடிய பாத்திரம் அது ஒன்றுதான்.

"இப்ப சொல்லுங்க தம்பி. வைத்தியருக்குப் பலம் கூடவா, எங்கட லைனுக்குப் பலம் குறைவா? எது வெல்லுது எண்டு மட்டும் பாக்காதீங்க. அதை ஆர் எடுக்கிறாங்க, ஏன் எடுக்கிறாங்க எண்டு பாருங்க."

அன்றே உங்கள் மேசையில் கொப்பியைத் திருத்தினோம். வைத்தியருக்கு நாற்பதைத் திருப்பிக் கொடுத்தோம். அதோடு விட்டால் எல்லோரும் வைத்தியராகி ஆட்டம் நேரம் முடியும்வரை இழுபடும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். அதில் நான் சரி, நீங்களும் ஒத்துக்கொண்டீர்கள். அதனால் எல்லோருடைய வாளும் ஓங்கி விழ மூன்று விநாடி என்று வைத்தோம். பிந்தி வரும் லைனில் இருப்பவனுக்கும் விலக நேரம் கிடைக்கும், அவனும் வாள் எடுக்கத் துணிவான். அடுத்த ஞாயிறு உங்கள் பக்கத்தில் இரண்டு வாள், ஒரு வில், இரண்டு வைத்தியர். நாங்கள் தோற்றோம், அதற்கடுத்த வாரம் வென்றோம். கொப்பியில் நீங்கள் ஒரு விதியையும் எழுதினீர்கள்: ஒரு பாத்திரத்தைக் குறைக்கக் கேட்பவர், முதலில் அக்கரைக்குப் போய்ப் பதினொரு ஆட்டம் ஆட வேண்டும்.

ஆனால் எங்கள் ஆட்களிடம் நான் உண்மையைச் சொல்லவில்லை. சேர்வரில் கோளாறு இருந்தது, திருத்திவிட்டேன் என்றேன். நீங்களும் காட்டிக் கொடுக்கவில்லை. பிறகு சண்டை இறுகி லைன்கள் அறுந்தன, ஞாயிற்றுக்கிழமைகள் நின்றுபோயின. பாலம் கட்டிய பின் உங்கள் மௌத்துக்கு அதன்மேல் நடந்து வந்தேன். சோதனையும் இல்லை, காத்திருப்பும் இல்லை. அவ்வளவு சுகமாக வந்து சேர்ந்தபோது, பேசுவதற்கு நீங்கள் இல்லை.

நேற்றே போட்டிக் குழுத் தலைவருக்குப் போன் எடுத்தேன்.

"ஐயா, தரவு பார்த்துத்தான் செய்தனாங்கள். மாவட்டத்துத் தெற்குக் கோடியில, வெருகல் அணியில ஐந்து பேரும் வைத்தியர். எல்லாத்திலயும் வெல்லினம்."

"வெருகலில சிக்னல் எத்தனை கோடு?"

"அது தெரியாது, ஐயா."

"அப்ப என்னத்தைப் பார்த்தனீங்கள்?"

போனை வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. "ஞாயிறு கூட்டத்துக்கு வந்து எல்லாருக்கும் சொல்லுங்கோ ஐயா" என்றார். இன்று காலை, அந்தக் குழுவில் இருக்கும் உங்கள் மகள் போன் எடுத்தா. "மாமா, வாப்பாட கொப்பிய மறக்காமக் கொண்டு வாங்க. நான் உங்கட பக்கம்" என்றா. உங்கள் குரல்தான், நானா. அதே நக்கலும் இருக்கிறது.

ஆகவே செய்ய வேண்டியவை இவை. குழு அந்த இருபதை வாபஸ் வாங்க வேண்டும். தலைவரும் எண்களை எழுதியவர்களும் வெருகல் பஸ் ஏறி, அந்தப் பிள்ளைகளின் கைபேசிகளில், அந்தச் சிக்னலில், வாளோடு பதினொரு ஆட்டம் ஆட வேண்டும். ஒன்றுகூடக் குறையக் கூடாது. வாள் விழும் நேரத்தை எவ்வளவு நீட்டுவதென்று வெருகல் அணியைக் கேட்டு உங்கள் மகள் எழுத வேண்டும். உங்கள் விதி போட்டித் தாளின் முதல் வரியாக வர வேண்டும். கூட்டத்தில் நான் எழுந்து, அன்று சேர்வரில் கோளாறு இருக்கவில்லை, பிழை என்னுடையது என்று சொல்ல வேண்டும். பிறகு அவர்களோடு வெருகலுக்குப் போக வேண்டும். அங்கே அவர்கள் விழுந்துகொண்டிருக்கும்போது தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பதும், அன்று நான் மவுஸைச் சொன்னதுபோல் கைபேசி பிழை என்று யாராவது சொன்னால் சிரிக்காமல் இருப்பதும் என் வேலை.