மூன்று தட்டு, கொஞ்சம் நிறுத்தி ஒன்று

மார்ச் 4

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். போனில் பேசலாம்தான். ஆனால் நீ பாதிப் பேச்சில், "அக்கா, பெரியவர் கூப்பிடுறார்" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது பார்.

நான் சௌக்கியம். தையல் மெஷினுக்குத்தான் உடம்பு சரியில்லை, நூலைக் கடித்துத் துப்புகிறது. உன் அறைக்கு வெள்ளையடித்துவிட்டேன். ஜன்னலுக்குப் புதுக் கொக்கி போட்டாயிற்று. உனக்கு மாற்றல் எப்போது வரும் என்று கேட்டுக் கேட்டு என் வாய்தான் வலிக்கிறது. நான்கு வருஷமாக இந்த வீட்டில் நான் பேசுவதைக் கேட்பது குட்டி ஒன்றுதான். அதுவும் வாலால் பதில் சொல்கிற ஜாதி.

எங்கள் நாய்க்குழுவைக் கேலி செய்வாயே, அதில் இப்போது மூன்று பேர். நான், மருந்துக்கடைக்காரர், எதிர்வீட்டு டீச்சர். கடைக்காரர் புண்ணுக்கு மருந்து தருகிறார், டீச்சர் தீனி சமைக்கிறார், நான் இருட்டில் மின்னுகிற நாடாவில் கழுத்துப்பட்டை தைக்கிறேன். பட்டை கட்டிய பிறகு ஒரு நாய்கூட வண்டியில் அடிபடவில்லை. பின்தெருவில் ஐந்து, நம் தெருவில் பத்து. வீட்டுக் குட்டி தனி.

இனி தடுப்பூசி போட வேண்டும். நாய் வேன் உங்கள் துறையில்தானே இருக்கிறது? உன் அதிகாரி, அந்தப் பெரியவர் காதில் ஒரு வார்த்தை போடு.

உன் அக்கா

மார்ச் 11

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைப் பெரியவரிடமே காட்டிவிட்டேன். முழுக்கப் படித்தார். "உங்க அக்கா கெட்டிக்காரங்கய்யா" என்றார். எனக்கு நாற்காலி போடச் சொன்னார். நான்கு வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

வேன் அனுப்புகிறார்கள். ஊசியோடு கருத்தடையும் செய்து, இரண்டு நாளில் அதே இடத்தில் விட்டுவிடுவார்கள். அதற்கு ஒரு பட்டியல் வேண்டும். ஒவ்வொரு நாயும் எங்கே படுக்கும், எத்தனை மணிக்கு வரும், எது கிட்டே வரும், எது ஓடும், எப்படிக் கூப்பிட்டால் வரும், எல்லாம் எழுது. வேன்காரர்களுக்கு அலைச்சல் குறையும்.

மாற்றல் பற்றியும் அவரே பேச்செடுத்தார். வெள்ளையடித்தது வீண் போகாது என்று நினைக்கிறேன்.

உன் தம்பி

மார்ச் 16

அன்புத் தம்பிக்கு,

நாற்காலி போட்டாரா? டீச்சரிடம் சொன்னேன், அவர் மருந்துக்கடையில் சொல்லி, இப்போது தெருவுக்கே தெரியும்.

பட்டியல் தனித்தாளில் இருக்கிறது. கோடு போட்டு, முத்து முத்தாக எழுதியிருக்கிறேன். காலை ஆறு மணிக்குத் தீனி. அந்த நேரத்தில் பதினைந்தும் அந்தந்தத் தெருவில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்.

கூப்பிடுவதற்கு ஒரு வழி இருக்கிறது. எவர்சில்வர் தட்டில் கரண்டியால் மூன்று தட்டு, கொஞ்சம் நிறுத்தி இன்னொரு தட்டு. பழக்குவதற்கு ஒரு வருஷம் ஆனது. மருந்துக்கடைக்காரர் அவசரக்காரர், நாலையும் சேர்த்துத் தட்டுவார், ஒரு காதுகூட அசையாது. நிறுத்தித் தட்டினால் எந்தப் பயந்தாங்கொள்ளியும் வந்து நிற்கும்.

நம் தெரு நாய்களில் மேனேஜரைப் பற்றி மட்டும் சொல்லிவைக்கிறேன். பழுப்பு நிறம், பெரிய தலை. எல்லோரும் வந்து உட்கார்ந்த பிறகுதான் அவர் வருவார். ஓட மாட்டார், நடந்துதான் வருவார். தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து முகத்தைப் பார்ப்பார். வேன்காரர்கள் கொஞ்சம் காத்திருக்க வேண்டும் என்று சொல்.

உன் அக்கா

மார்ச் 24

அக்கா,

பட்டியல் பிரமாதம் என்றார்கள். ஏப்ரல் 1 காலை, முதலில் பின்தெரு. முந்தின நாளே கழுத்துப்பட்டைகளைக் கழற்றிவிடு. ஊசி போட இடைஞ்சலாம். நீ அங்கே போய் நிற்க வேண்டாம், உன்னைப் பார்த்தால் நாய்கள் திமிறும்.

அடுத்த மாதம் இங்கே பெரிய விருந்தினர்கள் வருகிறார்கள், நம் ஊர்ச் சாலை வழியாகத்தான் போவார்கள். அந்த வேலையில் தலை நிமிர நேரமில்லை. மாற்றல் உத்தரவு பெரியவர் மேசையில் இருக்கிறது.

தம்பி

ஏப்ரல் 9

அன்புத் தம்பிக்கு,

இரண்டு நாள் என்றாய். எட்டு நாள் ஆகிவிட்டது. ஐந்தில் ஒன்றுகூட வரவில்லை. நீ போனையும் எடுப்பதில்லை.

நானும் டீச்சரும் வேன் நிற்கிற கொட்டகைக்குப் போனோம். காவல்காரர், "அதெல்லாம் இங்க இல்லம்மா, போங்க" என்றார். எங்கே என்று கேட்டதும் கதவைச் சாத்தினார். கதவிடுக்கில் எட்டிப் பார்த்தேன். கூண்டுகள் கழுவிக் கவிழ்த்துக் கிடந்தன. தண்ணீர்க் கிண்ணம் ஒன்றுகூட இல்லை. ஐந்து நாய்க்கு ஊசி போட்ட இடத்தில் ஒரு சிரிஞ்ச் உறைகூடக் கிடக்காதா?

கழற்றிய ஐந்து பட்டைகளும் என் நூல்பெட்டியில் இருக்கின்றன. பெட்டியைத் திறக்கவே பிடிக்காமல் கடை நூல் வாங்கித் தைக்கிறேன். அவை எங்கே, தம்பி? ஒரு வரி எழுது.

அக்கா

ஏப்ரல் 13

அக்கா,

ஊருக்கு வெளியே பாதுகாப்பான இடத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். இதற்கு மேல் எனக்கும் தெரியாது. கொட்டகைக்கெல்லாம் போகாதே. போனில் இதைப் பேசாதே.

மாற்றல் கிடைத்துவிட்டது. மே 1 அன்று பெட்டியோடு வந்துவிடுவேன். நீ கேட்டது அதுதானே. மற்றதை மறந்துவிடு.

20ஆம் தேதி காலை ஆறு மணிக்கு நம் தெருவுக்கு வேன் வரும். குட்டியை வீட்டுக்குள் கட்டிப் போடு. கழுத்தில் பட்டை இருக்கட்டும். குட்டியை மட்டும். ஆள் சேர்க்காதே, என் வேலைக்கு ஆபத்து. படித்ததும் இந்தக் கடிதத்தை எரித்துவிடு.

தம்பி

ஏப்ரல் 20

தம்பிக்கு,

பின்தெரு நாய்களுக்குப் பட்டையைக் கழற்றச் சொன்ன நீ, குட்டிக்குப் பட்டையைக் கட்டச் சொல்கிறாய். பட்டை இருந்தால் வீட்டு நாய், இல்லாவிட்டால் கேட்க ஆளில்லாத நாய், அவ்வளவுதானே? இது புரிய எனக்கு இரண்டு வாசிப்பு ஆனது. மெத்தப் படித்தவள் இல்லையே.

இன்று ஐந்தரைக்கே தட்டைத் தட்டினேன். ஒவ்வொன்றாக உள்ளே விட்டு, உன் அறையில் அடைத்தேன். ஒன்பது வந்துவிட்டன. மேனேஜர் மட்டும் வழக்கம்போல இன்னும் வரவில்லை. மறுபடி தட்டினேன். தெருமுனையில் தலை தெரிந்தது, அதற்குள் வேனும் திரும்பிவிட்டது. கதவை ஒருக்களித்து வைத்து நின்றேன்.

வேனிலிருந்து ஒருவன் இறங்கினான். கையில் வலையோ கயிறோ இல்லை. எவர்சில்வர் தட்டும் கரண்டியும் வைத்திருந்தான். மூன்று தட்டு. கொஞ்சம் நிறுத்தி, ஒன்று.

நம் வீட்டில் அறைக்கதவை உள்ளேயிருந்து பிறாண்டினார்கள், வெளியே போக வேண்டுமாம். மேனேஜர் என் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். பிறகு அந்தப் பக்கம் நடந்தார். ஓடவில்லை. தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து அவன் முகத்தைப் பார்த்தார். நான் படியிறங்கி ஓடுவதற்குள் பின்னாலிருந்து இன்னொருவன் தூக்கிவிட்டான். டீச்சர் வேனுக்குக் குறுக்கே வந்து நின்றார், ஒதுக்கிவிட்டுப் போனார்கள். போவதற்கு முன் அந்த முதல் ஆள் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பார்த்தான். "லிஸ்ட்ல பத்து இருக்கும்மா. மத்ததெல்லாம் எங்க?" என்றான். கோடு போட்டு, முத்து முத்தாக, என் கையெழுத்து.

வேலியே பயிரை மேய்ந்தது என்று உன்னைத் திட்டிவிட்டு நான் தப்பிக்க முடியாது. அந்தத் தாளை எழுதியது நான். வாய் கொள்ளாமல் பெருமைப்பட்டு எழுதினேன். உனக்கு எழுதுகிறோம் என்று எழுதினேன்.

நீ எரிக்கச் சொன்ன கடிதத்தை எரிக்கவில்லை. டீச்சர் படித்தார், மருந்துக்கடைக்காரர் பிரதி எடுத்தார். அதை எங்கெங்கே அனுப்பப் போகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. உன் வேலைக்கு ஆபத்து வரலாம். வரட்டும்.

மே 1 அன்று நீ வர வேண்டாம். உன் அறையில் குட்டியோடு பத்துப் பேர் இருக்கிறார்கள். வெள்ளையடித்த சுவரெல்லாம் பாதத் தடம். பத்துக்கும் கழுத்தில் புதுப் பட்டை கட்டியாயிற்று, பட்டையில் என் வீட்டு எண் தைத்திருக்கிறேன்.

தட்டையும் கரண்டியையும் மூட்டைகட்டிப் பரணில் போட்டுவிட்டேன். இனி அந்தச் சத்தம் கேட்டால் ஓடிவிட வேண்டும் என்று இவர்களுக்குப் பழக்க வேண்டும். கூப்பிடுவதற்கு வேறு ஒன்று பழக்குகிறேன். அது என்ன என்று எழுத மாட்டேன்.

14ஆம் எண் வீட்டுத் தையல்காரி