உங்கள் ஒப்புதலுக்குக் காத்துக் கிடந்த லோடுகள்

மாமா,

இன்று காலை ஆபீஸ் ஜன்னலைத் திறந்ததும் கருவாட்டுத் தூளும் மக்காச்சோளமும் கலந்த தீவன வாசம் அடித்தது. வெயில் ஏறுமுன்பே லாரிகள் நாமகிரிப்பேட்டைச் சாலையைப் பிடித்துவிட்டன. நீங்கள் இருந்தவரை மில்லில் இப்படியொரு காலை விடிந்ததில்லை.

லோடு பிந்தியதால் கோழிகள் பட்டினி கிடக்கின்றன என்று பண்ணைக்காரர் ஒருவர் போனில் கத்திய நாள் நினைவிருக்கிறதா? லோடு அனுப்பும் பொறுப்பில் இருந்த என் அண்ணனை எல்லோர் முன்னாலும் நிற்க வைத்தீர்கள். "தங்கச்சி ஊட்டு மில்லுதானேன்னு தூங்கறயா? போ, உங்க ஊட்டுல போய்த் தூங்கு" என்றீர்கள். நான் எழுந்தேன். "நீ உக்காரு சாமி, இது ஆம்பளைங்க பேச்சு" என்று என்னையும் அடக்கினீர்கள். அண்ணன் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் வேலைக்கு ஏறி மத்தியப் பிரதேசம் போய்விட்டான்.

ஆபீஸ் கம்ப்யூட்டரில் யார் எந்த வேலையை முடித்தாலும் நேரத்தோடு பதிவாகும். அதை எடுத்து, ஆர்டர் வந்தது, தீவனம் அரைத்தது, எடை போட்டது, நீங்கள் ஒப்புதல் தந்தது, லாரி கேட்டைத் தாண்டியது என்று லோடு லோடாக வரிசைப்படுத்தினேன். பிந்திய லோடுகள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் நின்றிருந்தன. எடை போட்டாயிற்று, பில் உங்கள் ஒப்புதலுக்குக் கிடந்தது. நீங்களோ ஒப்புதல் தர வேண்டிய போனை மேஜையில் போட்டுவிட்டுத் தென்னந்தோப்புக்குப் போயிருந்தீர்கள்.

அதை உங்கள் முகத்துக்கு நேரே காட்ட நாள் பார்த்திருந்தேன். அதற்குள் மாரடைப்பு உங்களைக் கொண்டுபோய்விட்டது. வீடே அழுதது. எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

கருமாதி முடிந்த மறுநாளே மில்லில் எல்லோரையும் கூப்பிட்டு டிவி திரையில் போட்டுக் காட்டினேன்.

"போனவரப் பத்தி இப்ப எதுக்கு? உடு" என்றார் உங்கள் மகன்.

"அவரு போயிட்டாருங்க. எங்கண்ணன் இன்னும் உசுரோட இருக்கறான்."

எடை மேடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டே, "எங்களுக்கு அப்பவே தெரியுமுங்க. அவருகிட்ட ஆரு சொல்றது?" என்றார்.

பழைய வாடிக்கையாளர்களின் பில் இனி யாருக்கும் காத்திருக்க வேண்டாம் என்று அன்றே மாற்றிவிட்டோம். அண்ணனைத் திரும்பக் கூப்பிட்டேன். "எம் மேல தப்பில்லைன்னு அங்க சொன்னீல்ல, அது போதும் சாமி. நான் வரலை" என்றான். அவனுக்குப் போதும். எனக்குப் போதவில்லை.

உங்கள் படத்துக்குத் தினமும் விளக்கேற்றுவது நான்தான். மாமாவை நல்லாக் கும்பிட்டுக்கோ என்கிறார் அத்தை. கும்பிடுகிறேன். ஒரே ஒரு நாள் திரும்பி வாருங்கள் மாமா. நான் சொல்லி முடிக்கும்வரை எழுந்து போகக் கூடாது.