மாமன் உதறிய வேட்டி

அன்பு மகள் சங்கவிக்கு அம்மா எழுதிக்கொண்டது. இங்கே நான், அப்பா, கறவை மாடு மூவரும் சுகம், மாடு மட்டும்தான் சொன்ன பேச்சைக் கேட்கிறது. அங்கே நீயும் உன் யானைகளும் சுகமா, என் ரத்தம் குடித்த அட்டையை விசாரித்ததாகச் சொல். போனில் சொன்னால் அழுகை முந்திக்கொள்ளும், அதனால் எழுதுகிறேன், பிழை பார்க்காதே.

ஐப்பசியில் நானும் பூவரசன் மாமாவும் உன் மழைக்காட்டுப் பூங்காவைப் பார்க்க வந்தோமே, அங்கே நீ காக்கிச் சட்டையில் நின்று, ஒரு இலைகூட வெளியே போகக் கூடாது என்று எல்லாருக்கும் சொன்னாய். போஸ்ட்மேன் மாதிரி இருக்கிறாயடி என்று நான் கிண்டல் செய்தேன். மாமா வெளியே வந்ததும் யாரும் சொல்லாமலே வேட்டியை உதறினான், நம் அய்யனார் காட்டை விட்டு வரும்போது இலை ஒட்டி வரக் கூடாதென்று உதறுவோமே, அப்படி. உனக்குக் கண் கலங்கியது, என் தம்பியாச்சே என்று எனக்கும் பெருமை.

போன செவ்வாய்க்கிழமை அவன் வந்து, என் மாமியார் முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில கெடக்குதுக்கா, உன் கை கூழ்தான் கேக்குது, ஜல்தியா எடுத்துக்கினு போ என்றான். கேப்பைக் கூழோடு போனால் அந்த அம்மா இட்லி தின்றுகொண்டு, நான் கூழே கேக்கலையேம்மா என்கிறாள். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கிப் பார்த்தால் அய்யனார் காட்டில் பாதியைக் காணோம். வீரை மரமெல்லாம் வேரோடு சாய்ந்து கிடக்க, ஜேசிபி நிற்கிறது, பக்கத்தில் உன் மாமா நின்று வேலை வாங்குகிறான். கும்பாபிஷேகத்துக்கு வருகிறவர்கள் கார் நிறுத்த இடமாம். அய்யனாருக்கு ஏதுடா காரு, அவருக்குக் குதிரைதானே என்று கேட்டேன். நீ இருந்தா குறுக்கே படுத்துக்குவே, அதான் அனுப்பி வச்சேன் என்று சிரித்தான். பழக்க தோஷம், நானும் கூடச் சிரித்துவிட்டேன். அப்புறம் அவன் அந்த வெட்டுக்காட்டை விட்டு வெளியே வந்து வேட்டியை உதறினான் சங்கவி, இரண்டு தரம் நன்றாக உதறினான். மரம் போனதைவிட அதுதான் எனக்கு ஆறவில்லை. சின்னப் பிள்ளையில் அவனை இடுப்பில் தூக்கிப்போய் உதறச் சொல்லிக் கொடுத்தவளே நான்தான்.

மிச்சப் பாதிக்கு அமாவாசை கழிந்து மெஷின் வருமாம். மாட்டை அங்கேயே கட்டிவிட்டுப் பகலெல்லாம் உட்கார்ந்திருக்கிறேன், உன் அப்பா சோறு ஆக்கிக் கொண்டு வருகிறார், அது வேறு தண்டனை.

வேளைக்குச் சாப்பிடு, ஈர சாக்ஸோடு தூங்காதே. மிச்சம் இருக்கிற நிழலிலிருந்து அய்யனார் உன்னைக் காப்பார். அமாவாசைக்கு முன்னால் லீவு போட்டு வா. சேலை கட்டிக்கொண்டு வராதே, அந்தப் போஸ்ட்மேன் சட்டையைப் போட்டுக்கொண்டு வா.

இப்படிக்கு,
குறுக்கே படுக்கத் தயாராக இருக்கும் உன் அம்மா
குப்பம்மாள்